மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்: படிப்பா, பாஸ் மார்க்கா?

கோடிங்கை ஏ.ஐ. எழுதும் காலம் இது. பொறியியல் மாணவர்கள் கடைசி இரண்டு ஆண்டுகளில் கற்கும் பாடங்களின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. அந்தப் பாடங்கள் லேபில் உண்மையாகவே நடக்கின்றனவா?

மதியம் இரண்டு மணி. ஐந்தாம் செமஸ்டர் கம்பைலர் லேப். ஜன்னலோரக் கணினியில் ஒரு மாணவி ஐந்து வரி சி புரோகிராம் ஒன்றைத் திறந்து, மூன்றாவது வரியின் கடைசியில் இருக்கும் அரைப்புள்ளியை வேண்டுமென்றே அழிக்கிறார். பல வாரங்களாகத் தான் எழுதிவந்த கம்பைலரிடம் அதைக் கொடுக்கிறார். ‘நான்காம் வரியில் பிழை’ என்று திரை சொல்கிறது.

பின்னால் நின்ற பேராசிரியை கேட்கிறார்: “அழித்தது மூன்றாவது வரியில். உன் புரோகிராம் ஏன் நான்கு என்கிறது?”

மாணவி கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்கிறார். மூன்றாவது வரி முடிந்தபோது கம்பைலருக்குச் சந்தேகம் வரவில்லை. வாக்கியம் அடுத்த வரியிலும் தொடரலாம் அல்லவா? நான்காவது வரியின் முதல் சொல்லைப் படித்த பிறகுதான் அது இலக்கணத்துக்குப் பொருந்தவில்லை என்று தெரிகிறது. முதலாமாண்டில் சி படித்தபோது, பிழை இல்லாத வரியைக் காட்டி கம்பைலர் குறை சொல்கிறதே என்று அவர் குழம்பியிருக்கிறார். அந்தக் குழப்பம் இன்று தீர்ந்தது.

அடுத்த வரிசையிலும் இதே பயிற்சிதான். ஆனால் அங்கே ரெக்கார்டு நோட்டில் சீனியரின் புரோகிராம் வரி மாறாமல் இறங்கியிருக்கிறது. அவுட்புட் பக்கத்தில் பிரின்ட் எடுத்து ஒட்டியாகிவிட்டது. கையெழுத்தும் வாங்கியாயிற்று. இரண்டு நோட்டுகளுக்கும் ஒரே மதிப்பெண்.

தமிழ்நாட்டின் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் நடக்கக்கூடிய காட்சி இது. கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்துக்காக ஆண்டுதோறும் குடும்பங்கள் தவிக்கின்றன. 2024-25 கல்வியாண்டு முதல், வசதியும் தரமும் உள்ள கல்லூரிகள் ஒரு பாடப்பிரிவில் சேர்க்கும் மாணவர்களுக்கான உச்சவரம்பை அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) விலக்கிக்கொண்டது. இன்னொரு பக்கம், 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த நாளிலிருந்து பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கோடிங்கை மெஷினே எழுதிவிட்டால், என் பிள்ளை நாலு வருஷம் எதைப் படிக்கப் போகிறான்?”

அதற்கான பதில் மூன்றாம் ஆண்டிலும் அதற்குச் சற்று முன்னும் வரும் பாடங்களில் இருக்கிறது.

எந்தெந்தப் பாடங்கள்?

முதல் மூன்று செமஸ்டர்களில் கணிதம், இயற்பியல், சி, பைத்தான், ஜாவா, டேட்டா ஸ்ட்ரக்சர் என்று அடிப்படைகள் போகும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் நான்காம் செமஸ்டரிலிருந்து பாதை செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. அல்காரிதம், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், செயற்கை நுண்ணறிவு எல்லாம் அப்போது வருகின்றன. ஐந்தாம் செமஸ்டரில் நெட்வொர்க்ஸ், கம்பைலர் டிசைன், கிரிப்டோகிராஃபி, டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங். பிறகு மென்பொருள் பொறியியல், ஐ.ஓ.டி., விருப்பப் பாடங்கள், கடைசியில் ப்ராஜெக்ட்.

இவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. தொடக்க செமஸ்டர்களில் மாணவர் கணினியிடம் வேலை வாங்கப் பழகுகிறார். நான்காம் செமஸ்டரிலிருந்து அந்த வேலை உள்ளே எப்படி நடக்கிறது, எப்போது தவறும், தவறினால் யார் பாதிக்கப்படுவார்கள் என்று கற்கிறார். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரியை ஆறு மாத கோடிங் கோர்ஸ் முடித்தவரிடமிருந்து பிரித்துக்காட்டுவது இந்தப் பகுதிதான்.

பெட்டிச் செய்தி: பாடப்புத்தகத்தின் பின்னால் இருக்கும் ஆண்டுகள்

• 1936: எல்லாப் புரோகிராம்களையும் ஆராய்ந்து ‘இது நிற்கும், இது நிற்காது’ என்று சொல்லிவிடும் ஒரு பொதுவழி இருக்க முடியாது என்பதை ஆலன் டூரிங்கின் ஆய்வு காட்டியது.
• 1957: ஐ.பி.எம்.மில் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டது.
• 1970: எட்கர் காட் ரிலேஷனல் டேட்டாபேஸ் கோட்பாட்டை வெளியிட்டார்.
• 1971: ஸ்டீபன் குக்கின் ஆய்வு ‘பி - என்.பி.’ கேள்வியை (விடையை விரைவாகச் சரிபார்க்க முடிகிற கணக்கின் விடையை விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா?) மையத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு விடை கண்டால் பத்து லட்சம் டாலர் தருவதாக கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது.
• 1975: மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் எழுதிய, கம்பைலர் கட்ட உதவும் ‘லெக்ஸ்’ கருவி வந்தது. அந்த ஷ்மிட் பின்னாளில் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.
• 1978: கடிகாரங்கள் ஒத்துப்போகாத பல கணினிகளில் எது முதலில் நடந்தது என்று முடிவுசெய்யும் வழியை லெஸ்லி லாம்போர்ட் எழுதினார்.
• 1983 ஜனவரி 1: இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் டி.சி.பி./ஐ.பி. விதிமுறைக்கு மாறியது.

செவ்வாய் வரை போன செமஸ்டர் பாடம்

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் ‘செமஃபோர்’, ‘மியூட்டெக்ஸ்’ என்று சில சொற்கள் வரும். ஒரே பொருளை ஒரே நேரத்தில் பல பணிகள் தொட்டுவிடாமல் காக்கும் பூட்டுகள் அவை. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடமாகும் இந்தச் சொற்கள், 1997-இல் செவ்வாய்க் கிரகத்தில் ஒரு விண்கலத்தின் தலைவிதியைத் தீர்மானித்தன.

அந்த ஆண்டு ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. காரணம் இது: முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. முன்னுரிமை மிகுந்த பணி ஒன்று அதற்காகக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்து நடுத்தர முன்னுரிமைப் பணி புகுந்து, வானிலைப் பணியை ஓடவிடாமல் தடுத்தது. பூட்டும் திறக்கவில்லை, முக்கியமான வேலையும் முடியவில்லை. ஏதோ கோளாறு என்று எண்ணிய கணினி தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது.

பூமியில் இருந்த மாதிரிக் கணினியில் பொறியாளர்கள் இதே நிலைமையை மறுபடி உருவாக்கிக் காரணத்தைப் பிடித்தார்கள். பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்த அந்த வசதியை இங்கிருந்தே இயக்கினார்கள். சிக்கல் தீர்ந்தது.

இந்தத் தீர்வை அலசி நிறுவிய 1990-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர். ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984-இல் பி.இ. முடித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1997 இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கருத்தரங்கில் பாத்ஃபைண்டர் கதை விவரிக்கப்பட்டபோது மூவருமே அரங்கில் இருந்தார்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி அவை கௌரவித்தது. கோவையில் ஆபரேட்டிங் சிஸ்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

நெட்வொர்க்ஸ் பாடத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தகவல் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இடைத்தூரம் சுமார் 400 கஜம்தான். தகவல் போய்ச் சேராததால் கணினிகள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பின, அதனாலேயே நெரிசல் இன்னும் முற்றியது. நெரிசல் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, பிறகு மெல்ல ஏற்றிப்பார்க்கும் முறையை வேன் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்டார். நெட்வொர்க் லேபில் நெரிசல் கட்டுப்பாட்டு சிமுலேஷன் செய்யும் மாணவர் இணையத்தைக் காப்பாற்றிய அந்தத் தீர்வைத்தான் தன் திரையில் ஓட்டிப்பார்க்கிறார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் பதிவு திறக்கும் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பது ஒரே பெர்த். மதுரையில் ஒருவரும் நெல்லையில் ஒருவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்துகிறார்கள். பெர்த் ஒருவருக்குத்தான் போகவேண்டும், மற்றவரின் பணம் மாட்டிக்கொள்ளவும் கூடாது. டேட்டாபேஸ் பாடத்தின் ‘டிரான்சாக்ஷன்’ பகுதி முழுக்க இந்த உத்தரவாதத்தைப் பற்றியதுதான். பணம் கொடுப்பவர், பெறுபவர் கணக்குகள் இரண்டு வங்கிகளில் இருந்து, நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்று கேட்டால் அது டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங். டீக்கடையில் யு.பி.ஐ.யில் பணம் போய், கடைக்காரருக்கு வராமல் நின்ற அனுபவம் உள்ள எல்லோரும் இந்தப் பாடத்தின் கேள்வியைச் சந்தித்தவர்கள்தான்.

எங்கே நழுவுகிறது?

இத்தனை செழிப்பான பாடங்கள் பல வகுப்பறைகளில் ஐந்து யூனிட்டுகளாகச் சுருங்கிவிடுகின்றன. பல்கலைக்கழகத் தேர்வில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள், ஐந்து பதிமூன்று மதிப்பெண் கேள்விகள், ஒரு பதினைந்து மதிப்பெண் கேள்வி. பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்’ பட்டியல் தேர்வுக்கு முந்தைய வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றும். பணிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து முடங்கும் ‘டெட்லாக்’கைத் தவிர்க்கும் பேங்கர்ஸ் அல்காரிதம் ஒரு அட்டவணைக் கணக்காகப் போட்டுப் பழகப்படுகிறது. டெட்லாக் வந்தால் ஒரு சர்வர் எப்படி உறைந்து நிற்கும் என்று பார்க்காமலே அந்தக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

அடுத்த அழுத்தம் பிளேஸ்மென்ட். மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே ஆப்டிட்யூட் வகுப்புகளும் நேர்காணல் பயிற்சியும் தொடங்கிவிடுகின்றன. ஆறாம் செமஸ்டர் மாணவரின் மாலை நேரம் முழுக்க கோடிங் புதிர்களுக்குப் போகிறது. அந்தப் பயிற்சி தேவைதான். அதில் ஒரு குறை, சொல்லிக்கொடுத்த வடிவத்தில் வரும் சின்னப் புதிர்களைத் தீர்க்க மட்டுமே அது பழக்குகிறது. பத்தாயிரம் வரி நிரலைப் படித்துப் பிழையைத் தேடும் பொறுமை கம்பைலர் லேபிலும் ஓ.எஸ். லேபிலும்தான் வரும். ஏழாம் செமஸ்டரில் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்துவிட்டால், மிச்சமிருக்கும் பாடங்கள் அரியர் விழாமல் கடக்கவேண்டிய தடைகளாகிவிடுகின்றன.

மூன்றாவது, இறுதியாண்டு ப்ராஜெக்ட். ‘ஐ ட்ரிபிள் ஈ ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற பலகைகளைப் பொறியியல் கல்லூரிகள் நிறைந்த எந்த ஊரிலும் பார்க்கலாம். பணம் கட்டினால் நிரல், அறிக்கை, பி.பி.டி., வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் ஒரே கட்டாகக் கிடைக்கும். நான்கு ஆண்டுப் படிப்பின் உச்சமாக இருக்கவேண்டிய வேலை கடையில் வாங்கும் சரக்காகிவிடுகிறது. இப்போது அதைச் செய்துதர ஏ.ஐ. இருப்பதால் கடைக்குப் போகும் தேவைகூட இல்லை.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. இடங்கள் கூடும் வேகத்தில் லேபும் ஆளும் கூடாவிட்டால், அறுபது பேரின் நிரலை வரி வரியாகப் பார்க்க ஒருவரால் முடியாது. ரெக்கார்டில் கையெழுத்துப் போட மட்டுமே நேரம் இருக்கும்.

இழப்பு யாருக்கு?

வீட்டில் அண்ணனோ அக்காவோ ஐ.டி.யில் இருக்கும் மாணவருக்கு, எது முக்கியம் என்று சொல்ல ஆள் இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்லூரி சொல்வதுதான் வேதம். கேள்வி பதில் படித்தால் போதும் என்று கல்லூரி சொன்னால் அதையே நம்பிப் படிப்பார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்து பொறியியல் கல்லூரிக் கதவைத் தமிழ்நாடு அகலத் திறந்தது. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சிகளைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. கதவைத் திறந்துவிட்ட சமூகம், உள்ளே வந்தவருக்கு முழுப் பாடத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகுதான் இழப்பு வெளியே தெரியும். ஏ.ஐ. கருவியிடம் பஸ் சீட் புக்கிங்குக்கு நிரல் கேட்டால் நொடிகளில் தந்துவிடும். சீட் காலியா என்று பார்க்கும், காலி என்றால் பதியும். ஒருவர் பயன்படுத்தும்போது அது சரியாக ஓடும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வரும்போது, பார்ப்பதற்கும் பதிவதற்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளியில் ஒரே சீட் இருவருக்குப் போகலாம். அந்த இடைவெளியை மூடச் சொல்லிக் கேட்டால் கருவியே மூடித்தரும். அப்படி ஒரு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்தவர்தான் கேட்க முடியும். நிரல் எழுதும் வேலை மலிவாக ஆக, எழுதப்பட்டது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் அறிவுக்கு விலை ஏறுகிறது. அந்த அறிவைத் தருபவை இந்தப் பாடங்கள்.

தீர்ப்பு தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் இது: 21 மதிப்புகள் வேண்டிய இடத்தில் நிரல் 20 மட்டுமே கொடுத்தது. இல்லாத 21-ஆவதைப் படிக்கப்போய், எல்லைக்கு வெளியே இருந்த நினைவகத்தைத் தொட்டது. சாதாரண செயலியில் நடந்திருந்தால் அந்தச் செயலி மட்டும் விழுந்திருக்கும். இது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருவான கெர்னலுக்குள் ஓடியதால் கணினியே விழுந்தது. எல்லை சரிபார்ப்பு, கெர்னலுக்கும் செயலிக்கும் உள்ள பிரிவு, வெளியிடும் முன் சோதிப்பது, எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பாமல் படிப்படியாக அனுப்புவது. அந்த ஒரு நாளை விளக்க இந்தப் பாடங்களில் பாதி தேவைப்படுகின்றன.

பெட்டிச் செய்தி: கல்லூரியில் சேரும் முன் கேளுங்கள்

• கம்பைலர், ஓ.எஸ்., நெட்வொர்க் லேபில் ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்?
• வைவாவில் மாணவர் தன் நிரலைத் திறந்து மாற்றிக் காட்டவேண்டுமா, கேள்விக்குப் பதில் சொன்னால் போதுமா?
• சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் செய்த ப்ராஜெக்டுகளைப் பார்க்க முடியுமா?
• லேப் மாலையிலும் திறந்திருக்குமா?
• விருப்பப் பாடங்களில் மாணவர் கேட்டது நடக்குமா, எல்லோருக்கும் ஒரே பாடம்தானா?

கட்டிப் பார்த்தால் தெரியும்

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1970-களிலேயே யூனிக்ஸ் கெர்னலின் நிரலை மாணவர்கள் கையில் கொடுத்து, வரி வரியாக விளக்கம் எழுதிப் பாடம் நடத்தினார். அந்த யூனிக்ஸின் வழியில், மாணவர்களுக்கென்றே எக்ஸ்வி6 என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2006-இல் எழுதியது. மாணவர் அதைத் திறந்து புதிய சிஸ்டம் கால் ஒன்றைச் சேர்க்கிறார், நினைவகம் ஒதுக்கும் முறையை மாற்றுகிறார். தவறு செய்தால் சிஸ்டமே பூட் ஆகாது. ஏன் ஆகவில்லை என்று தேடுவதுதான் படிப்பு. அந்த நிரலும் அதன் விளக்கநூலும் இணையத்தில் இலவசம்.

நம் ஊரிலும் வளங்கள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் இந்தப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் காணொளி வகுப்புகள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் ‘சக்தி’ என்ற பிராசஸரையே வடிவமைத்து, அதன் வடிவமைப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறார்கள். பிராசஸர் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் தமிழ்நாட்டு மாணவர் கடல் கடந்து போகவேண்டிய அவசியம் இல்லை.

பெட்டிச் செய்தி: இந்த விடுமுறையில் ஒன்றைக் கட்டுங்கள்

• கூட்டல், பெருக்கல், அடைப்புக்குறி புரியும் ஒரு சிறு கால்குலேட்டர் மொழி. கம்பைலரின் முதல் பாதி விளங்கும்.
• கட்டளை வாங்கி இயக்கும் சொந்த ஷெல். புராசஸ் என்றால் என்னவென்று தெரியும்.
• சாக்கெட் மட்டும் பயன்படுத்தி ஒரு வெப் சர்வர். பிரவுசர் என்ன கேட்கிறது என்று கண்ணால் காணலாம்.
• நடுவில் மின்சாரம் போனாலும் தகவல் கெடாத சிறு டேட்டாபேஸ். டிரான்சாக்ஷனின் அருமை புரியும்.
• ‘நேண்ட் டு டெட்ரிஸ்’ இலவசப் பாடம். ஒற்றை லாஜிக் கேட்டில் தொடங்கிக் கணினி, கம்பைலர், எளிய ஓ.எஸ். வரை நாமே கட்டலாம்.

ஒரே ஒரு மாற்றம்

பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது அவசியம். அதற்குக் குழுக்களும் ஆண்டுகளும் தேவை. இந்த செமஸ்டரிலேயே, செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. லேப் தேர்வில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒவ்வொரு மாணவரிடமும், அவர் சமர்ப்பித்த நிரலில் ஒரே ஒரு சிறு மாற்றத்தைக் கேட்கட்டும். ரவுண்ட் ராபின் ஷெட்யூலரில் நேர அளவை மாற்றி விளைவைச் சொல். சாட் புரோகிராமில் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேரைச் சேர். இலக்கணத்தில் கழித்தலைச் சேர். பத்து நிமிடம் போதும். நிரலை மாணவரே எழுதியிருந்தாலும், ஏ.ஐ. உதவியோடு எழுதியிருந்தாலும் பாதகமில்லை, புரிந்திருந்தால் மாற்றிவிடுவார். வரி மாறாமல் இறக்கிய ரெக்கார்டு அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டாது. மாற்றத்துக்குத்தான் மதிப்பெண் என்று தெரிந்தால், தேர்வுக்கு முந்தைய வாரம் வாட்ஸ்அப்பில் கேள்விப்பட்டியல் தேடிய கைகள் நிரலைத் திறந்து பார்க்கத் தொடங்கும்.

நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நேர்காணலில் மனப்பாடப் புதிருக்குப் பதிலாக, “நீ கட்டிய ஒன்றைக் காட்டு, அது எப்போது உடையும் என்று சொல்” என்று கேட்டால், பயிற்சி மையங்களும் கல்லூரிகளும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பும்.

மருத்துவமனைக் கருவி, வங்கிக் கணக்கு, ரேஷன் பதிவு, தேர்வு முடிவு என்று இன்று எல்லாமே மென்பொருளில் ஓடுகின்றன. அவற்றை நாளை கட்டிக் காக்கப்போகிறவர்கள் இன்று தமிழ்நாட்டின் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளின் லேபுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டணம் கட்ட நகையை அடகு வைத்த குடும்பத்துப் பிள்ளைக்கும், வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கணினி, ஒரே பாடம், ஒரே ஆசிரியர் கிடைக்கும் இடம் அந்த லேப்தான். அதை உண்மையாக நடத்தினால், யாருடைய சிபாரிசும் இல்லாமல் தன் அறிவை மட்டும் காட்டி வேலை கேட்கும் தெம்பு அந்தப் பிள்ளைக்கு வரும். அந்தத் தெம்பைக் கொடுப்பதற்குத்தான் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன.